கார் இல்லாம மலேசியா சுத்துறது எப்படி: ட்ரெயின், பஸ், படகு, அதிகம் பேர் எறங்காத சின்ன ஊர்கள்

மலேசியான்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்கு ஒரே ரூட்டுதான். ட்வின் டவர், பத்துமலை, கெந்திங், நாள் இருந்தா லங்காவி, முடிஞ்சது. அதைத் தாண்டி போகணும்னா கார் வாடகைக்கு எடுக்கணும், இல்ல டிரைவரோட வேன் புக் பண்ணணும்னு எல்லாரும் சொல்லி சொல்லியே பாதி பேரு கேஎல்லோட, அதாவது கோலாலம்பூரோட, திரும்பிடுறாங்க. எனக்கு கார் ஓட்டத் தெரியாது, கத்துக்கற ஐடியாவும் இல்ல. ஆனா மலேசியாவோட நல்ல ஊர்கள் பாதிக்கு மேல கார் இல்லாதவனுக்குத்தான் வசதியா இருக்குன்னு அடிச்சு சொல்லுவேன்.

ஏன்னு சொல்றேன். மேற்குக் கரை ரயில் லைன் வெள்ளக்காரன் காலத்துல ஈயமும் ரப்பரும் ஏத்தறதுக்காக போட்டது. அதனால கடைத்தெரு, மார்க்கெட், கோயில், மசூதி, போஸ்ட் ஆபீஸ் எல்லாம் ஸ்டேஷனை ஒட்டியே வளந்துச்சு. அப்புறம் 1994-ல வடக்கு-தெற்கு ஹைவே முழுசா திறந்தாங்க, அது இந்த ஊருக்குள்ள எதுக்கும் நுழையாம ஓரமா போயிடுச்சு, பெரிய பஸ் டெர்மினல்களையும் ஊருக்கு வெளிய தூக்கிட்டுப் போயிட்டாங்க. ஸ்டேஷன் மட்டும் பழைய எடத்துலயே நிக்குது. கார்ல போறவன் ஹைவேல அந்த ஊர் போர்டைப் பாத்துட்டு தாண்டிப் போயிடுவான், ட்ரெயின்ல போறவன் நேரா ஊரு நடுவுல எறங்குவான். இந்த வழிகாட்டி முழுக்க இந்த ஒரு விஷயத்தை வெச்சுத்தான்.

கிளம்பறதுக்கு முன்னாடி

இந்திய பாஸ்போர்ட்டுக்கு 2023 டிசம்பர்லேருந்து 30 நாள் வரைக்கும் விசா வேண்டாம், அதை 2026 கடைசி வரைக்கும் நீட்டிச்சிருக்காங்க. ஆனா டிஜிட்டல் அரைவல் கார்டுன்னு ஒண்ணு ஆன்லைன்ல போடணும், போய் எறங்கறதுக்கு முந்தின மூணு நாளுக்குள்ள. அது இலவசம், காசு கேக்குற சைட்டு எதுவா இருந்தாலும் அது அரசாங்க சைட்டு கிடையாது, மூடிட்டு வாங்க.

போன்ல மூணு விஷயம் ஊர்லயே ரெடி பண்ணிடுங்க. ஒண்ணு கிராப், அங்க டாக்ஸி கூப்பிடற ஆப், நம்ம நம்பர்லயே ஓடிபி வாங்கி ரெஜிஸ்டர் பண்ணி கார்டையும் சேத்துருங்க, அங்க போய் சிம் மாத்துனதுக்கு அப்புறம் பண்ணலாம்னு விட்டா ஏர்போர்ட்டுல நின்னுக்கிட்டு தலையை சொறியணும். ரெண்டு, கேடிஎம்னு சொல்ற மலேசிய ரயில்வேயோட ஆப், டிக்கெட்டுக்கு பாஸ்போர்ட் நம்பர் கேக்கும், கூட வர்றவங்க விவரத்தையும் பக்கத்துல வெச்சுக்கங்க. மூணு, பஸ்ஸுக்கு நம்மகிட்ட ஏற்கனவே இருக்குற ரெட்பஸ் மலேசியாவுலயும் ஓடுது, ஈசிபுக்னு இன்னொண்ணும் இருக்கு. மேப்பை ஆஃப்லைனா எறக்கி வெச்சுக்கங்க, காட்டுக்குள்ள போற ரயில் லைன்ல போகும்போது சிக்னல் மணிக்கணக்குல இருக்காது.

அங்க எறங்கினதும் டச் அண்ட் கோ கார்டு ஒண்ணு வாங்கிடுங்க, கேஎல்ல எல்ஆர்டி, எம்ஆர்டின்னு சொல்ற மெட்ரோ மாதிரி ட்ரெயின், பஸ், கொம்யூட்டர் ட்ரெயின் எல்லாத்துக்கும் தட்டிட்டு போலாம். சின்ன ஊர் பஸ்ஸுக்கு மட்டும் சில்லறை நோட்டு வேணும், அம்பது ரிங்கிட்டை நீட்டினா டிரைவர் உங்களை பாக்குற பார்வையே வேற. பேக் பத்தி ஒரு வார்த்தை, பெரிய சக்கர சூட்கேஸ் வேண்டாம். இந்த ஊர்கள்ல கடை முன்னாடி இருக்குற நடைபாதை ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு உயரம், ஏறி எறங்கி ஏறி எறங்கி கை விட்டுரும்.

வண்டிகளை முதல்ல புரிஞ்சுக்கங்க

ஈடிஎஸ், இதுதான் முதுகெலும்பு. கரண்ட்ல ஓடுற வேக ட்ரெயின், மணிக்கு 140 கிலோமீட்டர் வரைக்கும் போகும், கேஎல் சென்ட்ரல்லேருந்து வடக்க ஈப்போ, தைப்பிங், பட்டர்வொர்த், தாய்லாந்து பார்டர்ல இருக்குற படாங் பெசார் வரைக்கும். தெக்கால கெமாஸோட நின்னுட்டு இருந்தது, 2025-ல முதல்ல குளுவாங், அப்புறம் ஜொகூர் பாரு வரைக்கும் நீட்டினாங்க. இதுல பிளாட்டினம், கோல்டுன்னு வகை இருக்கு, பேரைப் பாத்து பிளாட்டினம்தான் ஒசத்தின்னு புக் பண்ணிடாதீங்க, சீட்டு எல்லாம் கிட்டத்தட்ட ஒண்ணுதான், பிளாட்டினம் சின்ன ஸ்டேஷன்ல நிக்காம போகும். நமக்கு வேண்டியதே சின்ன ஸ்டேஷன், அதனால கோல்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஸ்கூல் லீவு, ஹரி ராயா, சீனப் புத்தாண்டு, தீபாவளி, இந்த சமயத்துல எல்லாம் டிக்கெட் வாரக்கணக்குக்கு முன்னாடியே காலி. செவ்வாய், புதன்ல பயணம் வெச்சுக்கங்க. இன்னொண்ணு, வண்டி அசையறப்ப ஓடிப்போய் ஏறுற நம்ம ஊர் வித்தை இங்க செல்லாது, கிளம்பறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே கேட்டை மூடிருவாங்க.

கொம்யூட்டர். கேஎல்லை சுத்தி ஓடுறது ஒண்ணு, வடக்கு கொம்யூட்டர்னு பட்டர்வொர்த்லேருந்து ஒரு பக்கம் படாங் பெசாருக்கும் இன்னொரு பக்கம் தைப்பிங், கோலகங்சார் வழியா ஈப்போவுக்கும் ஓடுறது இன்னொண்ணு. ரிசர்வேஷன் கிடையாது, டிக்கெட் ரொம்ப மலிவு, எல்லா குட்டி ஸ்டேஷன்லயும் நிக்கும். வெளிநாட்டுக்காரங்க பாதி பேருக்கு இந்த வடக்கு கொம்யூட்டர் இருக்கறதே தெரியாது. ஈடிஎஸ் டிக்கெட் கெடைக்காத நாள்ல இது கை கொடுக்கும்.

தூர பஸ். கேஎல்ல டிபிஎஸ்னு சொல்ற பெரிய டெர்மினல், பண்டார் தாசிக் செலாத்தான்ல இருக்கு, கொம்யூட்டர், எல்ஆர்டி, ஏர்போர்ட்லேருந்து வர்ற டிரான்சிட் ட்ரெயின் மூணுமே அங்க நிக்கும். அதனால ராத்திரி தங்கல் வெளியூர்லன்னா ஏர்போர்ட்லேருந்து கேஎல் உள்ளயே போகாம நேரா டிபிஎஸ் போய் பஸ் பிடிச்சிரலாம். பஸ்ஸெல்லாம் ஒரு பக்கம் ரெண்டு, ஒரு பக்கம் ஒரே சீட்டுன்னு சோஃபா மாதிரி இருக்கும், ஏசி மட்டும் ஐஸ் பெட்டி, ஸ்வெட்டர் இல்லாம ஏறாதீங்க. டிக்கெட்ல எந்த டெர்மினல்லேருந்து கிளம்புது, எந்த டெர்மினல்ல போய் நிக்குதுன்னு ரெண்டையும் படிங்க. ஈப்போன்னு போட்டிருக்கும், அமான்ஜாயாவுல எறக்கி விடுவான், அது ஊருக்கு ரொம்ப வெளிய, அங்கேருந்து கிராப் காசு தனி. மலாக்கா சென்ட்ரலும் பழைய ஊர்லேருந்து தள்ளித்தான், அங்க 17-ம் நம்பர் டவுன் பஸ் டச்சு சதுக்கத்துக்கு கூட்டிட்டுப் போகும்.

கிராப். சின்ன ஊர்லயும் இருக்கு, ஆனா போறதுக்கு கெடைக்கறது வேற, வர்றதுக்கு கெடைக்கறது வேற. ஊருக்குள்ள இருந்து பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு எடத்துக்கு ஈஸியா போயிடலாம், திரும்பும்போது ஆப்ல சுத்திக்கிட்டே இருக்கும், ஒரு காரும் வராது. எறங்கும்போதே டிரைவர்கிட்ட பேசிடுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு வர முடியுமா, எவ்வளவுன்னு. வாட்ஸ்அப் நம்பர் தருவாங்க, வருவாங்க. மலாய்க்காரர் வயசானவரா இருந்தா பாச்சிக்னு கூப்பிடுங்க, அம்மாவா இருந்தா மாச்சிக், நம்ம ஆளுன்னா அண்ணேதான். கடைல யாரை வேணாலும் பாஸ்னு கூப்பிடலாம், அவங்களும் உங்களை பாஸ்னுதான் கூப்பிடுவாங்க.

ஊரை எப்படி தேடறது

"பாக்க வேண்டிய பத்து எடம்" லிஸ்ட்டை மூடி வெச்சுட்டு ரயில்வே ஆப்ல ஸ்டேஷன் லிஸ்ட்டைத் திறங்க. கேஎல்லேருந்து வடக்கா வரிசையா படிச்சுட்டு வாங்க, தஞ்சோங் மாலிம், சிலிம் ரிவர், சுங்கை, தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா, ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார், படாங் ரெங்காஸ், தைப்பிங், பாகான் செராய், பாரிட் புந்தார், நிபோங் தெபால். ஈப்போ, தைப்பிங் தவிர மத்தது நம்ம ஊர் டூர் பேக்கேஜ் எதுலயும் வராது.

இப்ப ஒவ்வொரு பேரையும் சாட்டிலைட் மேப்ல போட்டு பாருங்க. ஸ்டேஷன்லேருந்து மார்க்கெட், ரெட்டை மாடி பழைய கடை வரிசை இருக்குற எடம், எவ்வளவு தூரம்? ஒண்ணரை கிலோமீட்டருக்குள்ளன்னா அந்த ஊர் பாஸ். இது எல்லா ஊருக்கும் சரியா வராது. கோல குபு பாருன்னு ஒரு அழகான ஊரு, பேரைப் பாத்து ட்ரெயின்ல போய் எறங்கினா ஊரு பல கிலோமீட்டர் தள்ளி இருக்கு. 1883-ல அணை உடைஞ்சு பழைய ஊரு அழிஞ்சு, அப்புறம் மேடான எடத்துல புதுசா கட்டினதால ஸ்டேஷன் ஒரு பக்கம் ஊரு ஒரு பக்கம். அங்க கிராப் கணக்கு போட்டுட்டுத்தான் போகணும்.

அடுத்து அந்த கடை வரிசைக்குள்ள தங்கறதுக்கு எடம் இருக்கான்னு பாருங்க. ஹோட்டல் எல்லாம் ஹைவே எக்ஸிட் பக்கத்துல மட்டும்னா அது கார்காரங்க ஊரு, ஒரு நாள் பகல்ல போயிட்டு வந்துருங்க, தங்காதீங்க. எங்க தங்கினாலும் வெளிநாட்டுக்காரங்களுக்கு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் டூரிசம் டாக்ஸ் தனியா வாங்குவாங்க, ஏமாத்தறாங்கன்னு சண்டைக்குப் போக வேண்டாம். கடைசியா, அங்கேருந்து வெளிய வர்ற கடைசி ட்ரெயின், கடைசி பஸ் எத்தனை மணிக்கு. இதைப் பாக்காம எந்த ஊருக்கும் போகாதீங்க.

ஸ்டேஷன் லிஸ்ட் போக இன்னும் ரெண்டு வழி எனக்குப் பிடிக்கும். ஒண்ணு, முன்னாடி தலைநகரமா இருந்து அப்புறம் பதவி போன ஊர்கள். தைப்பிங் பேராக் மாநிலத்தோட தலைநகரமா இருந்து 1937-ல ஈப்போகிட்ட விட்டுச்சு, கோலா லிப்பிஸ் 1898-லேருந்து 1955 வரைக்கும் பகாங்கோட தலைநகர், அப்புறம் குவாந்தானுக்கு போயிடுச்சு. இந்த மாதிரி ஊர்ல கோர்ட்டு, கிளப்பு, ஸ்கூலு, மரம் வெச்ச ரோடுன்னு எல்லாம் பெருசா கட்டி வெச்சிருப்பாங்க, அப்புறம் காசு வேற ஊருக்கு போயிட்டதால இடிச்சு மால் கட்ட ஆளில்ல, அப்படியே இருக்கும். இன்னொண்ணு, கேஎல்ல வாழை இலை சாப்பாட்டுக் கடையில கல்லால இருக்குறவர்கிட்ட கேளுங்க, "அண்ணே உங்க சொந்த ஊரு எது?"ன்னு. கேஎல்லயே பொறந்தவங்க கொஞ்சம்தான், தெலுக் இந்தான், சுங்கை சிப்புட், பாகான் செராய், கிள்ளான்னு சொல்லுவாங்க, அப்புறம் அந்த ஊர்ல எங்க சாப்பிடணும்னு கேக்காமயே சொல்லுவாங்க.

முதல் ரூட்டு: கேஎல்லேருந்து வடக்கே

நாள் கணக்கு நான் போட மாட்டேன், உங்க லீவுக்கு தகுந்தாப்ல நீட்டிக்கங்க, சுருக்கிக்கங்க. ஆனா ஒரு வாரத்துக்கு கம்மின்னா பாதி ஊரை வெட்டிடுங்க, எல்லாத்தையும் தொட்டுட்டு வர்றதுக்கு பேசாம வேனே எடுத்துக்கலாம்.

வார்ம் அப்புக்கு கேஎல்ல இருக்கும்போதே புலாவ் கெத்தாம் போயிட்டு வாங்க. கேஎல் சென்ட்ரல்ல கிள்ளான் லைன் கொம்யூட்டர் ஏறி கடைசி ஸ்டேஷன் பெலாபுஹான் கிள்ளான்ல எறங்கினா ஜெட்டி நடந்து போற தூரம்தான், அங்கேருந்து படகு. கடல் சேத்துல கம்பு நட்டு அது மேல மொத்த ஊரையும் கட்டி வெச்சிருக்காங்க, சீன மீனவர் ஊரு, கார் ஒண்ணு கூட கிடையாது, சைக்கிளும் பேட்டரி பைக்கும்தான். ஞாயித்துக்கிழமை கூட்டம் தாங்காது. கடைசிப் படகு சாயங்காலத்தோட முடிஞ்சிரும், எறங்கும்போதே நேரம் கேட்டுக்கங்க. திரும்பும்போது கிள்ளான் ஸ்டேஷன்ல எறங்கி தெங்கு கெலானா ரோட்டுல சாப்பிட்டுட்டு வந்தா ராத்திரி சாப்பாடும் முடிஞ்சுது, பூக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடைன்னு அந்த ரோடே நம்ம ஊரு பஜார் மாதிரிதான் இருக்கும்.

கம்பார். கேஎல்லேருந்து ரெண்டு மணி நேரம் சொச்சம். ஈயம் தோண்டின ஊரு, இப்ப யூனிவர்சிட்டி வந்து பசங்க நிறைய, அதனால சாப்பாடு மலிவு, ராத்திரி லேட்டா வரைக்கும் கடை இருக்கும். சுத்தி பாக்கற எல்லா குளமும் பழைய ஈயச் சுரங்கப் பள்ளம்தான். தங்க வேண்டாம்னா காலைல எறங்கி மதியம் சாப்பிட்டு அடுத்த ட்ரெயின்ல போலாம்.

பத்து காஜா. இங்க வர்றது கெல்லி கோட்டைக்காக. வில்லியம் கெல்லி ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து தோட்ட முதலாளி 1915-ல கட்ட ஆரம்பிச்சு, 1926-ல லிஸ்பன்ல செத்துப்போனதால பாதியில நின்னு போன மாளிகை. கட்டினவங்க நம்ம ஆளுங்க. வேலை செஞ்சவங்க காய்ச்சல்ல சாக ஆரம்பிச்சதும் கோயில் கட்டணும்னு கேட்டு, அவரும் பக்கத்துலயே மாரியம்மன் கோயில் கட்டிக் குடுத்தாருன்னு சொல்லுவாங்க. கோயில் மேல சாமி சிலைகளுக்கு நடுவுல கோட்டு போட்ட ஒரு வெள்ளக்காரன் உருவமும் இருக்கு, அது அவருதான்னு சொல்றாங்க. மாளிகையை சுத்தி செல்ஃபி எடுக்கற கூட்டத்துல முக்கால்வாசி பேர் இந்தக் கோயிலுக்கு வர்றதே இல்ல, நீங்க போங்க. ஸ்டேஷன்லேருந்து கிராப்ல சீக்கிரம் போயிரலாம், திரும்பறதுக்குத்தான் மேல சொன்ன வாட்ஸ்அப் ஏற்பாடு, இந்த எடத்துக்கு அது கண்டிப்பா வேணும்.

ஈப்போ எல்லாருக்கும் தெரிஞ்ச ஊரு, ஒயிட் காபி குடிங்க, வெள்ளை மாளிகை மாதிரி இருக்குற ஸ்டேஷன் கட்டடத்தை வெளிய வந்து திரும்பிப் பாருங்க, ஒரு ராத்திரி போதும்.

சுங்கை சிப்புட் சின்ன ஊரு, ஆனா மலேசியத் தமிழர் வரலாறு தெரிஞ்சவங்களுக்கு பெரிய ஊரு. அமைச்சரா இருந்த துன் சம்பந்தன் 1919-ல பொறந்தது இங்கதான், வெள்ளக்காரன் வித்துட்டுப் போன தோட்டங்களை தொழிலாளிகளே சேந்து வாங்கறதுக்கு கூட்டுறவு சங்கம் ஆரம்பிச்சவர் அவர்தான். 1948 ஜூன்ல ஐரோப்பிய தோட்ட மேனேஜர்களை சுட்டு, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோட நடந்த மலாயா எமர்ஜென்சி ஆரம்பிச்சதும் இந்த ஊரை ஒட்டின தோட்டங்கள்லதான். பாக்கறதுக்குன்னு டிக்கெட் போட்ட எடம் எதுவும் கிடையாது. கொம்யூட்டர்ல எறங்கி கடைத்தெருவுல ஒரு தே தாரிக் (நல்லா ஆத்தின பால் டீ) குடிச்சுட்டு அடுத்த வண்டி ஏறலாம்.

கோலகங்சார் பேராக் சுல்தான் ஊரு. தங்க நிற குவிமாடம் வெச்ச உபுடியா மசூதி, ஆணியே அடிக்காம கட்டின பழைய மர அரண்மனை, 1877-ல வந்த ரப்பர் கன்னுல வளந்த மரத்துல ஒண்ணு இன்னும் நிக்குது. அந்த ஒரு மரத்தைப் பாத்துட்டு, நம்ம தாத்தா பாட்டி காலத்துல எத்தனை ஆயிரம் பேரு இதுக்காக கப்பல் ஏறினாங்கன்னு நெனச்சா கொஞ்ச நேரம் அங்கயே நிக்கத் தோணும். ஊருக்குள்ள கடைத்தெரு நடக்கலாம், மசூதி பக்கம் போறதுக்கு வெயில்ல நடக்காதீங்க, கிராப் போடுங்க.

தைப்பிங்ல தங்குங்க

இந்த ரூட்டுல ஒரே ஒரு ஊர்லதான் தங்க நேரம் இருக்குன்னா அது தைப்பிங். ஈப்போலேருந்து ட்ரெயின்ல கிட்டத்தட்ட ஒரு மணி நேரம், நடுவுல மலையைக் குடைஞ்ச மூணு கிலோமீட்டருக்கு மேல நீளமான சுரங்கம் வரும். ஸ்டேஷன்லேருந்து ஊருக்குள்ள நடந்தே போயிரலாம்.

மலாயாவோட முதல் ரயில் ஓடினது இங்கதான், 1885 ஜூன் 1, தைப்பிங்லேருந்து போர்ட் வெல்டுக்கு, ஈயத்தை கடலுக்கு கொண்டுபோக. அந்த லைன் போடற வேலைல இலங்கைலேருந்து கொண்டுவந்த ஆளுங்க இருந்தாங்க, அப்புறம் ரயில்வே கிளார்க்கு, ஸ்டேஷன் மாஸ்டர் வேலைக்கு யாழ்ப்பாணத்துக்காரங்க நிறைய வந்து குடியேறினாங்க. நாட்டோட பழைய மியூசியமும் இங்கதான், 1883-ல ஆரம்பிச்சது.

ஆனா தைப்பிங்னா ஏரிப் பூங்காதான். ஈயம் தோண்டி கைவிட்ட பள்ளங்களை 1880-கள்ல தண்ணி நெரப்பி பூங்காவா மாத்தினாங்க. ஓரமா நட்ட தூங்குமூஞ்சி மரங்க எல்லாம் நூறு வயசைத் தாண்டி, கிளை ரோட்டைத் தாண்டி மறுபக்கம் தண்ணிய தொடுது. காலைல ஆறரை, ஏழுக்கு போயிருங்க, ஊருல பாதி பேரு அங்கதான் நடப்பாங்க, பின்னாடி மலைல மேகம் எறங்கி இருக்கும். மத்தியானத்துக்கு மேல மழை, இது தீபகற்பத்துலயே அதிகமா மழை பெய்யற ஊரு, வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டர் பக்கம். சென்னைல பெய்யறது மாதிரி மூணு பங்கு. குடை இல்லாம வெளிய கால் வைக்காதீங்க. மேல புக்கிட் லாருட் மலை இருக்கு, ஜீப் ஓடுதான்னு கேட்டுட்டு போங்க, மண்சரிவுக்கு அப்புறம் அது நிச்சயம் இல்ல.

ரெண்டாவது நாள் கோலா செப்பெத்தாங். பழைய போர்ட் வெல்டு இதுதான், பேரை மாத்திட்டாங்க. தைப்பிங் பஸ் ஸ்டாண்டுலேருந்து லோக்கல் பஸ் இருக்கு, அடிக்கடி கிடையாது, போறதுக்கு பஸ், வர்றதுக்கு பேசி வெச்ச கார்னு வெச்சுக்கங்க. ரயில் லைனைப் புடுங்கிட்டாங்க, ஆனா ஸ்டேஷன் பேர்ப்பலகை மட்டும் கடைகளுக்கு நடுவுல இன்னும் நிக்குது, அதுல தமிழ்லயும் எழுதியிருக்கும். அந்த ஊரு பொழைக்கறது மீனுலயும் கரியிலயும். மாத்தாங் சதுப்புக்காடு சுமார் 40,000 ஹெக்டேர், நூறு வருஷத்துக்கு மேல கணக்கு வெச்சு, பகுதி பகுதியா வெட்டி, திரும்ப நட்டு, 30 வருஷம் விட்டு திரும்ப வெட்டுறாங்க. அந்த மரத்தை செங்கல் குவிசூளைல அடுக்கி வாரக்கணக்குல மெதுவா புகைய விட்டு கரி எடுக்கறாங்க. உள்ள வேலை பாக்கறவர் சூளைலேருந்து வர்ற புகையோட வாசனையை வெச்சே உள்ள என்ன நடக்குதுன்னு சொல்லிடுவாரு. சூளைகளை சும்மா போய் பாக்கலாம், காலைல போங்க. ராத்திரி மின்மினிப்பூச்சி பாக்க படகு விடுறாங்க, அது வேணும்னா அன்னைக்கு திரும்பற காரை முன்னாடியே உறுதி பண்ணிட்டுத்தான் படகுல ஏறணும்.

தைப்பிங்லேருந்து வடக்க போகும்போது ஜன்னல் சீட்டு பிடிங்க, புக்கிட் மேரா ஏரி மேலயே பாலம் போட்டு ட்ரெயின் போகுது, ரெண்டு பக்கமும் தண்ணிதான்.

அதுக்கு மேல கெடா. சுங்கை பட்டாணில எறங்கி கிராப் பேசி மெர்போக் போனா பூஜாங் பள்ளத்தாக்கு மியூசியம். 1025-ல ராஜேந்திர சோழன் படை எடுத்த கடாரம் இந்தக் கெடா பகுதிதான்னு படிச்சிருப்பீங்க. பெரிய கோபுரம் எதிர்பாத்து போகாதீங்க, கல் அடித்தளம்தான் மிச்சம், மேல மரத்துல கட்டினது எல்லாம் மக்கிப் போச்சு. புக்கிட் பத்து பஹாட் சண்டியை (சண்டின்னா பழங்காலக் கோயில்) மட்டும் கொஞ்சம் எடுத்து கட்டி வெச்சிருக்காங்க, பக்கத்துல ஓடை ஓடும், நல்ல நிழல். கெடாவுல வாரக் கடைசி லீவு வெள்ளி, சனி. வெள்ளி மத்தியானம் தொழுகை நேரத்துல பாதி ஊரு மூடியிருக்கும், அன்னைக்கு ப்ரோகிராம் வெக்காதீங்க.

முடிவு பட்டர்வொர்த். ஸ்டேஷன்லேருந்து பாலம் வழியா நடந்தா ஃபெர்ரி, பினாங்குக்கு கால் மணி நேரம் கூட ஆகாது, சில்லறைக் காசு டிக்கெட்டு. பினாங்குல ஜார்ஜ்டவுன் கூட்டம் சலிச்சா 401-ம் நம்பர் பஸ் ஏறி தீவோட பின்பக்கம் பாலிக் பூலாவ் போங்க, மலை ஏறி எறங்கும் அந்த பஸ், கீழ வயலும் டுரியான் தோட்டமும்.

ரெண்டாவது ரூட்டு: காட்டு லைன்

இது எல்லாருக்கும் கிடையாது. கெமாஸ்லேருந்து கிளந்தான்ல தும்பாட் வரைக்கும் 526 கிலோமீட்டர், தீபகற்பத்தோட நடுவயித்தை கிழிச்சுக்கிட்டு போற லைன், 1931-ல முடிச்சாங்க. ரெண்டாம் உலகப் போர்ல ஜப்பான்காரன் இதோட தண்டவாளத்தை கொஞ்சம் புடுங்கி சயாம்-பர்மா ரயில்வேக்கு கொண்டுபோனான், நம்ம தோட்டத் தொழிலாளிங்க ஆயிரக்கணக்குல செத்த அதே சயாம் மரண ரயில். டீசல் வண்டி, ஒரு நாளைக்கு ரொம்ப கொஞ்சம் ட்ரெயின்தான், மெதுவா போகும், லேட்டாகும். கேஎல்லேருந்து ஈடிஎஸ்ல கெமாஸ், அங்க மாறி கோலா லிப்பிஸ், ராத்திரி தங்கி, அடுத்த நாள் தும்பாட் வண்டி. இணைப்பு வண்டி நேரம் அடிக்கடி மாத்துறாங்க, ஆப்ல பின்னாடிலேருந்து முன்னாடியா பாருங்க, முதல்ல லிப்பிஸ்-தும்பாட் என்னைக்கு எத்தனை மணிக்குன்னு புடிச்சுட்டு அப்புறம் கெமாஸ் டிக்கெட் போடுங்க.

லிப்பிஸ்ல ஸ்டேஷன் பின்னாடியே மெயின் ரோடு, ஆறு, பழைய கடைங்க, மேட்டு மேல வெள்ளக்காரன் கட்டின ஆபீஸ், கிளப்பு. ஒம்பது மணிக்கு ஊரு அடங்கிரும், முன்னாடியே சாப்பிட்டுருங்க. வடக்க குவா மூசாங், ஊரு மேல விழற மாதிரி நிக்கற சுண்ணாம்பு மலை. டாபோங்ல எறங்கினா ஸ்டோங் மலை அருவி, தங்கற எடத்துக்காரங்களே ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிட்டுப் போவாங்க, போன் பண்ணி சொல்லிடுங்க, அங்க கிராப்பை நம்பாதீங்க. கோத்தா பாருவுக்கு எறங்க வேண்டிய ஸ்டேஷன் வாகாஃப் பாரு, ஆத்துக்கு இந்தப் பக்கம், ஊருக்கு கார்ல கொஞ்ச தூரம். தும்பாட் பக்கம் சயாமியர் கிராமங்கள் இருக்கு, முஸ்லிம் மாநிலத்துக்கு நடுவுல 40 மீட்டர் நீள சயன புத்தர்.

நவம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் கிழக்குக் கரைல பருவமழை, இந்த ரூட்டை அப்ப போடாதீங்க. 2014 டிசம்பர் வெள்ளத்துல கெமுபுவுல ரயில் பாலமே அடிச்சுட்டுப் போய் லைன் வருஷக்கணக்குல ரெண்டு துண்டா கெடந்துச்சு. கிழக்குக் கரைத் தீவுகளும் அப்ப மூடித்தான் இருக்கும். அந்த மாசத்துல போறவங்க முதல் ரூட்டோட நின்னுக்கங்க. கோத்தா பாருலேருந்து திரும்ப கேஎல்லுக்கு ராத்திரி பஸ் நிறைய, பிளைட்டும் மலிவா கெடைக்கும், அதே காட்டு லைன்ல திரும்பி வராதீங்க, ரெண்டாவது தடவை அந்த காடு கொஞ்சம் நீளமாத்தான் தெரியும். கிழக்குக் கரைக்கு புது ரயில் ஒண்ணு கட்டிட்டு இருக்காங்க, 2027-ல ஓட விடுறதா திட்டம், அது வந்தா பஸ்ஸும் வேண்டாம்.